புல்லி மாற்றிய மினி கூப்பர் எஸ் ஆர்53: அறுந்த சூப்பர்சார்ஜர் பெல்ட்டை மாற்றும் முறை

பெல்ட் அறுந்தால் வண்டியை ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். "பூஸ்ட் மட்டும்தானே போச்சு, மெதுவா ஓட்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிடலாம்" என்ற கணக்கு இந்தக் காரில் செல்லாது. ஆர்53-இல் வாட்டர் பம்ப்புக்குத் தனி புல்லி கிடையாது. ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரின் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி பூஸ்ட் தரும் கருவி) பின்பக்கப் பல்சக்கரங்கள்தான் அதைச் சுற்றுகின்றன. பெல்ட் போனால் சூப்பர்சார்ஜர் நிற்கும், அதோடு கூலண்ட் ஓட்டமும் நிற்கும். ஆல்டர்னேட்டரும் ஏசி கம்ப்ரஸரும் அதே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. தண்ணீர் ஓடாதபோது டேஷ்போர்டு வெப்பமானியையும் நம்ப முடியாது. ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, சென்சாரைச் சுற்றி நிற்கும் நீர் அவ்வளவு சூடாகாமல் இருக்கலாம். சில கிலோமீட்டர் போனாலே ஹெட் கேஸ்கெட் போய்விடும். டோ வண்டிதான் ஒரே வழி.

பவர் ஸ்டீயரிங் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால் ஸ்டீயரிங் உடனே கனக்காது. அதனால் பலருக்கு பெல்ட் அறுந்ததே புரிவதில்லை. சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே இழுவையும் விழுந்தால் பெல்ட் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல செய்தி: இந்த 1.6 லிட்டர் ட்ரைடெக் இன்ஜினில் டைமிங் செயினில் ஓடுவதால், இந்த பெல்ட் அறுந்து வால்வு வளையாது.

ஸ்டாக் காரில் பழைய பெல்ட்டின் எண்ணைப் பார்த்து அதே அளவில் புதியது வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. பூஸ்ட்டைக் கூட்டுவதற்காக சூப்பர்சார்ஜரில் சிறிய புல்லி போட்ட காரில் அப்படி முடியாது. அங்கே பெல்ட் தானாக அறுவது அபூர்வம். நீளம், புல்லிகளின் நேர்கோடு, டென்ஷனர் (பெல்ட்டை ஸ்பிரிங் கொண்டு இறுக்கிப் பிடிக்கும் கை), ஏதோ ஒரு பேரிங் என இவற்றில் ஒன்று அறுத்திருக்கும். காரணத்தைப் பார்க்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள்

கிடைக்கிற துண்டுகளை எல்லாம் பொறுக்கி வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் நூல்நூலாகப் பிரிந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி வரிசையை விட்டு விலகி நிற்கிறது. பெல்ட்டின் உட்புறம் நீளவாக்கில் ஓடும் ஆறு வரிகளில் ஓரத்து வரி மட்டும் சீவியதுபோல் போயிருந்தால், போன தடவை பெல்ட்டை ஒரு பள்ளம் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். வரிகளின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கி, தொட்டால் கெட்டியாக இருந்தால் பெல்ட் நெடுநாளாக வழுக்கியிருக்கிறது. ரப்பர் ஊதிப்போய் மெத்தென்று இருந்தால் மேலே எண்ணெய் சொட்டியிருக்கிறது. வரிகள் துண்டு துண்டாகப் பெயர்ந்து கருகிய வாடை அடித்தால், சுற்றாமல் இறுகிய பேரிங் ஒன்று இருக்கிறது.

விரிசல் இல்லை என்பதால் பெல்ட் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய நியோப்ரீன் பெல்ட்டுகள் வெடிக்கும். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் வெடிப்பதில்லை, டயர்போல் தேய்கிறது. வரிகளுக்கு இடையே உள்ள பள்ளம் தேய்ந்து அகலமானதும் புல்லியின் முகடுகள் பெல்ட்டின் அடியைத் தொட்டுவிடும், ஆப்புபோல் கவ்வும் பிடி போய்விடும். பிறகு டென்ஷனர் எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கும்.

எந்த நீளம் வாங்குவது

பெல்ட்டின் முதுகில் 6பிகே என்று தொடங்கி நான்கு இலக்க எண் இருக்கும். 6 என்பது வரிகள், பிகே என்பது 3.56 மி.மீ. இடைவெளி கொண்ட வரி வடிவம், அடுத்த எண் மில்லிமீட்டரில் நீளம். கேட்ஸ் நிறுவன பெல்ட் எண்களில் கே06-க்குப் பின் வருவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு. 0540 என்றால் 54.0 அங்குலம், அதாவது சுமார் 1372 மி.மீ.

புல்லி சிறிதானால் பெல்ட்டும் குட்டையாக வேண்டும். பெல்ட் அந்தப் புல்லியை ஏறக்குறைய பாதி சுற்றுவதால், விட்டம் 10 மி.மீ. குறைந்தால் பாதையில் 3.14 × 10 ÷ 2, அதாவது சுமார் 16 மி.மீ. மிச்சமாகும். பழைய நீள பெல்ட்டையே போட்டால் அந்த 16 மி.மீ. தொளதொளப்பை டென்ஷனர் இழுத்துப் பிடிக்க வேண்டும். டென்ஷனரின் கை தன் கடைசித் தடுப்பில் முட்டிவிடும், அதற்கு மேல் இழுவிசை கிடைக்காது. "15 சதவீத புல்லி போட்டதிலிருந்து பெல்ட் நிற்கவே மாட்டேங்குது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். க்ராங்க் பக்கம் பெரிய புல்லி போட்டிருந்தால் கணக்கு எதிர்ப்பக்கம் போகும். இரண்டும் மாற்றியிருந்தால் நூல் வைத்து அளப்பதே நல்லது: நீளாத மெல்லிய கயிற்றை பெல்ட் ஓடும் பாதையிலேயே சுற்றி, டென்ஷனரை அதன் நடு வீச்சில் பூட்டி வைத்து அளந்து, அதற்கு நெருங்கிய நீளத்தை வாங்குங்கள்.

இன்னொரு கணக்கும் பலரும் தவறவிடுவது. 15 சதவீதம் சிறிய புல்லி என்றால் சூப்பர்சார்ஜர் 15 சதவீதம் வேகமாகச் சுற்றும் என்று அர்த்தமில்லை. 1 ÷ 0.85 போட்டால் 17.6 சதவீதம் வருகிறது. 17-க்கு 20.5, 19-க்கு 23.5. சுற்றும் விட்டம் குறைய, பெல்ட் கவ்விப் பிடிக்கும் பரப்பும் குறைகிறது, சுமையோ ஏறுகிறது. 19 சதவீத புல்லிகளில் பெல்ட்டும் சூப்பர்சார்ஜர் பேரிங்கும் சீக்கிரம் போவதற்குக் காரணம் இதுதான். தினமும் ஓட்டும் காருக்கு 15 போதும்.

கையில் இருக்க வேண்டியவை

புது பெல்ட், ஆர்53 டென்ஷனரை அழுத்துவதற்கென்றே விற்கும் கம்பிக் கருவி, டென்ஷனர் துளைக்குப் பொருந்தும் உறுதியான பின் (டிரில் பிட்டின் தண்டுப் பகுதி போதும், மெல்லிய ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், வளையும்), ஜாக்கி, ஸ்டாண்டு, 17 மி.மீ. வீல் சாக்கெட், டார்க்ஸ் பிட்டுகள், டார்க் ரெஞ்ச், பிரேக் க்ளீனர், நைலான் பிரஷ், சின்னக் கண்ணாடி, டார்ச். காரின் வயது 15 தாண்டிவிட்டதால் புது ஐட்லர் புல்லி (பெல்ட்டுக்கு வழிகாட்டச் சும்மா சுற்றும் புல்லி) ஒன்றையும் கூடவே வாங்கிவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிப் போடும் உழைப்போடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிதில்லை.

கழற்றுவது

இன்ஜின் முழுக்க ஆறட்டும். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துவிடுங்கள். பெல்ட் இருப்பது காரின் வலப் பக்கம். வலது முன் சக்கரத்தின் போல்ட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, தூக்கி, ஸ்டாண்டு வைத்தபின் சக்கரத்தை எடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை விடக் கூடாது. சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் லைனரைக் கழற்றினால் க்ராங்க் புல்லி நேராகத் தெரியும். லைனர் க்ளிப்புகள் பழசாகி உடைவது சகஜம், நான்கைந்து உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டை மட்டும் மாற்ற இன்ஜின் மவுண்டைக் கழற்ற வேண்டியதில்லை. புல்லியையும் மாற்றுவதாக இருந்தால்தான் ஆயில் பேனுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கி, வலது மவுண்டை எடுத்து, இன்ஜினைச் சற்று ஏற்றி இறக்க வேண்டிவரும்.

இப்போது பெல்ட்டின் மிச்சங்களைத் தேடுங்கள். நூல்கள் க்ராங்க் புல்லிக்குப் பின்னால் இறுகச் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்து ஒவ்வொரு இழையையும் கொக்கியால் இழுத்து எடுங்கள். சீல் ஓரத்தில் புது எண்ணெய் ஈரம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

பெல்ட் இல்லாதபோது பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு புல்லியையும் தனித்தனியாகக் கையால் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஐட்லர் மெதுவாகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். விசிறிபோல் வெகுநேரம் சத்தமிட்டுச் சுற்றினால் உள்ளே கிரீஸ் இல்லை. ஆல்டர்னேட்டரில் கரகரப்பு இருக்கக் கூடாது. ஏசி புல்லி க்ளட்ச் பிடிக்காத நிலையில் லேசாகச் சுற்ற வேண்டும்.

சூப்பர்சார்ஜர் புல்லி கொஞ்சம் கனமாக, சீராகச் சுற்ற வேண்டும். உள்ளே காற்றைத் தள்ளும் ரோட்டார்களோடு வாட்டர் பம்ப்பையும் சேர்த்துச் சுற்றுகிறீர்கள். பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. எம்45-இல் முன்னும் பின்னும் தனித்தனிப் பல்சக்கர அறைகள், அவற்றுக்குத் தனி எண்ணெய். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத எண்ணெய் என்று ஆலையிலிருந்து வந்தாலும், லட்சம் கிலோமீட்டர் தாண்டிய யூனிட்டுகளில் அது குறைந்தோ கருகியோ இருப்பது வழக்கம். பின்புறப் பல்சக்கரம் தேய்ந்து பற்கள் போய்விட்டால் பெல்ட் நன்றாக ஓடும், பூஸ்ட் வரும், வாட்டர் பம்ப் மட்டும் சுற்றாது. பெல்ட் மாற்றிய பின்னும் கார் சூடானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

க்ராங்க் புல்லியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அது ஒரே இரும்பில்லை. நடுவில் ஹப், வெளியே வளையம், இடையே ரப்பர். அந்த ரப்பர் பிரிந்தால் வெளிவளையம் சாய்ந்து பெல்ட்டை ஓரத்தில் அரைக்கும். இந்தக் கார்களில் இது தெரிந்த பலவீனம், சின்ன புல்லியின் கூடுதல் சுமை அதை விரைவுபடுத்தும். ரப்பர் பிதுங்கியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஹப், ரப்பர், வளையம் மூன்றின் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். சில நாள் ஓட்டியபின் கோடு உடைந்து நகர்ந்திருந்தால் க்ராங்க் புல்லியை மாற்றியாக வேண்டும்.

டென்ஷனரின் கை சிக்காமல் ஏறி இறங்க வேண்டும். அதன் துள்ளலைத் தணிக்கும் டேம்பர் சோர்ந்துவிட்டால் கியர் மாற்றும் கணத்தில் கை துள்ளும். அதிவேகத்தில் சுற்றும் ரோட்டார்கள் சட்டென்று வேகம் குறைய மறுக்க, பெல்ட் ஒரு பக்கம் தளர்ந்து தாவிவிடும். ரேஸ் பண்ணி கியர் மாற்றும்போதே பெல்ட் போனது என்றால் டென்ஷனரைப் பாருங்கள்.

மேலே நிமிர்ந்தும் பாருங்கள். வலது இன்ஜின் மவுண்ட்டுக்குள் திரவம் இருக்கிறது, பழசானால் அது கசியும். பக்கத்திலிருக்கும் கூலண்ட் டேங்க் தையல் வாயில் பிளக்கும். இரண்டும் சொட்டுவது பெல்ட் பக்கம்தான்.

கடைசியாக நேர்கோடு. சூப்பர்சார்ஜர் புல்லி அழுத்திப் பொருத்தப்படுவது. முழுதாக உள்ளே போகாமல் 1 மி.மீ. வெளியே நின்றாலும் பெல்ட் கோணலாக ஓடும். நேரான இரும்புப் பட்டையைப் புல்லி முகங்களில் வைத்துப் பாருங்கள். ஹப்பில் போல்ட் போட்டு மாட்டும் வகைப் புல்லி என்றால் அந்த போல்ட்டுகளின் இறுக்கத்தையும் சரிபாருங்கள்.

மாட்டுவது

புல்லிப் பள்ளங்களில் ஒட்டிய ரப்பர் பிசினை நைலான் பிரஷ், பிரேக் க்ளீனர் கொண்டு தேய்த்து எடுத்து உலரவிடுங்கள். அலுமினிய புல்லியில் கம்பி பிரஷ் வேண்டாம், சிராய்ப்பு புது பெல்ட்டைத் தின்னும்.

கருவியால் டென்ஷனர் கையை நிதானமாக அழுத்தி, துளை தெரிந்ததும் பின்னைச் செருகிப் பூட்டுங்கள். ஸ்பிரிங் முரட்டுத்தனமானது. கருவி நழுவினால் விரல் போகும், கை ஓடும் பாதையில் உங்கள் கை இருக்கக் கூடாது. பெல்ட்டைக் கீழே க்ராங்க்கிலிருந்து தொடங்கி மேலே கொண்டுபோய், எட்டுவதற்கு எளிதான வழவழப்பான புல்லியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரிகள் உள்ள பக்கம் பள்ளமுள்ள புல்லிகளில், முதுகு வழவழப்பானவற்றில். பாதை நினைவில் இல்லை என்றால் இன்ஜின் எண்ணைக் கொண்டு பெல்ட் பாதையின் வரைபடத்தைத் தேடி எடுத்துவையுங்கள், ஊகித்துப் போடாதீர்கள்.

ஒவ்வொரு புல்லியிலும் ஆறு வரிகளும் ஆறு பள்ளத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தடவியும் கண்ணாடியில் பார்த்தும் எண்ணுங்கள். ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்த பெல்ட் சும்மா ஓடும்போது ஒழுங்காகவே தெரியும், முதல் முழு மிதியில் கிழியும். அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு பின்னை உருவி, கையை மெல்ல விடுங்கள். அது வீச்சின் நடுவில் நிற்க வேண்டும். தடுப்பை ஒட்டி நின்றால் பெல்ட் நீளம் தவறு. திருப்பிக் கொடுத்து வேறு நீளம் வாங்குங்கள்.

க்ராங்க் போல்ட்டைப் பிடித்து இன்ஜின் சுற்றும் திசையில், புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள்ளோட்டத்தில், இரண்டு முழுச் சுற்று சுற்றி வரிகளை மீண்டும் எண்ணுங்கள். பிறகே ஸ்டார்ட். பேட்டரி இறங்கியிருந்தால் சார்ஜரில் ஏற்றிவிட்டே தொடங்குங்கள் (கூப்பர் எஸ்ஸில் அது டிக்கியில் இருக்கிறது). காலியான பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் முழுச் சுமையில் திணறுவது புது பெல்ட்டுக்கு நல்லதல்ல. அரை நிமிடம் ஓடவிட்டு அணைத்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் லைனரையும் சக்கரத்தையும் மாட்டி, எம்12 வீல் போல்ட் என்றால் 120, எம்14 என்றால் 140 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். 100 கி.மீ. ஓடியபின் மறுபடி.

சத்தமும் வழுக்கலும்

கீச்சுச் சத்தம் வந்தால், ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கம் தூரத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் சற்று நேரம் அடங்கித் திரும்பினால் நேர்கோட்டுப் பிரச்சினை, கூடினால் இழுவிசை போதவில்லை. பெல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேக்களைத் தொடவே வேண்டாம். அவை தூசியைப் பிடித்து வரிகளைப் பிசுபிசுப்பாக்கும்.

சத்தமே இல்லாமலும் பெல்ட் வழுக்கும். பூஸ்ட் மீட்டர் இருந்தால் மூன்றாவது கியரில், ஆளில்லாத சாலையில், முழு மிதியில் பாருங்கள். எம்45 ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 0.74 லிட்டர் காற்றைத் தள்ளுவதால், இன்ஜின் வேகம் ஏற ஏற பூஸ்ட்டும் ஏறிக்கொண்டே போக வேண்டும். 5000-க்கு மேல் முள் நின்றாலோ இறங்கினாலோ பெல்ட் வழுக்குகிறது, அல்லது பைபாஸ் வால்வோ இன்டர்கூலர் ரப்பரோ காற்றை விடுகிறது. இன்ஜினை அணைத்ததும், தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி சூப்பர்சார்ஜர் புல்லியின் சூட்டைப் பக்கத்துப் புல்லிகளோடு ஒப்பிடுங்கள். அது மட்டும் தனியாகக் கொதித்தால் பெல்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.