சைக்கிள் பந்தயத்துக்கு கோச் பிடிப்பது எப்படி?
கட்டணம் கேட்பதற்கு முன், "என் முதல் வாரம் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். நல்ல கோச் உங்கள் வேலை நேரம், தூக்கம், பழைய முழங்கால் வலி வரை விசாரித்துவிட்டு 20 நிமிட டெஸ்ட் வைப்பார். அந்த 20 நிமிடமும் தாங்கக்கூடிய முழு வேகத்தில் மிதிக்க வேண்டும். அப்போது மிதித்த சக்தியின் சராசரி வாட்ஸில் 95 சதவீதம்தான் எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச சக்தி. பயிற்சி முழுக்க அதை வைத்துத்தான். நான் ஈசிஆர் சாலையில் விடிவதற்குள் போய்ச் செய்தேன். கடைசி 3 நிமிடம் தொடை எரிந்தது. 240 வாட்ஸ், அதாவது எஃப்டிபி 228.

என் முதல் கோச் எல்லோருக்கும் ஒரே அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். விலகிவிட்டேன். இப்போதுள்ளவர் ஞாயிறுதோறும் என் சைக்கிள் ஓட்டம் பதிவான ரைடு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார்.

வாட்ஸை அளக்கும் பவர்மீட்டர் இல்லையா? சரி, நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டையோடு தொடங்கலாம். அப்புறம், பந்தயத் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதிலிருந்து பின்னோக்கித்தான் திட்டம் போடுவார்.