அமுங்கிய கதவுக்கு இரண்டு அடுக்குக் கண்ணாடி இழை

என் பழைய காரின் பின்கதவில் கை வைத்தாலே தகடு உள்ளே போய் ‘டொக்’ என்று மீளும். வெல்டிங் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அந்தச் சூட்டில் மெல்லிய தகடு நெளிந்துவிடும், பெயிண்டும் கருகும்.

உள்பலகையைக் கழற்றி, தகட்டின் உட்புறத்தை 80ஆம் எண் உப்புத்தாளால் வெள்ளிபோல் மின்னும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்தேன். இதில் அவசரப்பட்டால் ஒட்டு உரிந்துவரும். எப்பாக்சி என்னும் இறுகும் பிசினில் நனைத்த கண்ணாடி இழைத் துணி இரண்டே அடுக்கு. இரண்டாவதை 45 டிகிரி திருப்பி ஒட்டினேன். கனமாகப் போட்டால் பிசின் இறுகும்போது சுருங்கி, ஒட்டின் விளிம்பு வெளிப்பக்கம் வெயிலில் கோடாகத் தெரியும். கார்பன் இழையைத் தவிர்த்தேன்: இரும்பைத் தொட்டால் ஈரத்தில் துரு விரைவாகும். கதவடியில் நீர் வடியும் துளைகளை மூடவில்லை.

ஒரு நாள் காயவிட்டு அழுத்தினேன். தகடு அசையவில்லை, தட்டினால் தகர ஓசைக்குப் பதில் மரப்பலகையின் கனத்த ஒலி.