சித்தூர்ப்புழையில் கலக்கும் கழிவுநீர்: நாம் தவறும் இடங்கள்

தமிழ்நாட்டிலிருந்து சித்தூர்ப்புழை ஆற்றுக்கு ஆழியாற்றுத் தண்ணீர் வரத் தாமதமானால் போதும், கொழிஞ்சாம்பாறையிலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் டீக்கடை வரை அதே பேச்சுதான். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையருகே உள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்று விவசாயிகள் விரல் நுனியில் கணக்கு வைத்திருக்கிறார்கள். வந்த தண்ணீரில் நாம் எதைக் கலக்கிறோம் என்ற கணக்கைத்தான் யாரும் எடுப்பதில்லை. கோடையில் வரத்து குறைந்தால், ஓடை வழியாக இறங்கும் சாக்கடையை நீர்க்கச் செய்ய ஆற்றில் தண்ணீரே இருக்காது.

சுத்திகரிப்பு நிலையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. சின்ன ஊரில் வீடுதோறும் பாதாளச் சாக்கடை இணைப்பு வர வருஷக்கணக்காகும். அதுவரை ஆற்றைக் காப்பதும் கெடுப்பதும் கொல்லைப்புறத்து செப்டிக் டேங்க்தான்.

அதிலும் பல, பெயருக்குத்தான் டேங்க். அடியில் காங்கிரீட் இல்லாத வெறும் குழி. "இருபது வருஷமா எங்க டேங்க் நிறைஞ்சதே இல்லீங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். நிறையவில்லை என்றால் மண்ணுக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். கிணற்றுக்கும் கழிவு இறங்கும் குழிக்கும் 7.5 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கின்றன கேரளக் கட்டட விதிகள். ஐந்து செண்ட் மனையில் நம் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது, பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளக்க வேண்டும்.

ஒழுங்காகக் கட்டிய டேங்கில் மேலே ஏடு மிதக்கும், அடியில் கசடு படியும், நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் வெளியேறும். கசடு ஏற ஏற நடுவில் இடம் சுருங்கும். கழிவு தங்கிப் படிய நேரமில்லாமல் அப்படியே வெளியே ஓடும். கக்கூஸில் தண்ணீர் வழக்கம்போல் இறங்குவதால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அடைத்துக்கொண்ட பிறகுதான் கழிவு உறிஞ்சும் லாரிக்கு போன் போகும். 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். சந்தேகமிருந்தால், நீளமான கம்பில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். கறுப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவு கசடு. ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரியைக் கூப்பிடலாம். மூடியைத் திறந்ததும் முகத்தை நீட்டாதீர்கள், பீடியும் பக்கத்தில் வேண்டாம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். டேங்கில் தேங்கும் விஷவாயு கத்தக்கூட அவகாசம் தராது.

லாரிக்காரரிடம் ரேட் பேசுகிறோம், எங்கே கொட்டுவார் என்று கேட்பதில்லை. அடிமாட்டு ரேட்டுக்கு வரும் லாரி ராத்திரியில் எந்த ஓடைக்கரையில் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டேங்கிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாகத் தெரிகிறதே என்று தெருச் சாக்கடையில் குழாய் வைத்துவிடுவதும் உண்டு. தெளிந்தாலும் கிருமி அதில் அப்படியேதான் இருக்கும். உறிஞ்சுகுழிக்குத்தான் விட வேண்டும். ஆசிட், பினாயிலை வாளிவாளியாக ஊற்றினால் டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிரும் செத்துப்போகும்.

சுத்திகரிப்பு நிலையம் வந்த ஊர்களில் நடக்கும் தவறுகள் வேறு மாதிரி. கழிவைத் தின்று தீர்ப்பது அங்கேயும் நுண்ணுயிர்தான், அதற்குக் காற்று வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி புளோயரை (காற்று ஊதும் இயந்திரத்தை) நிறுத்தினால், சில மணி நேரத்தில் தொட்டி நாற ஆரம்பித்துவிடும். மழைநீர் வடிகாலைச் சாக்கடைக் குழாயோடு இணைத்த ஊரிலோ, இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொட்டியிலுள்ள நுண்ணுயிர்களை அடித்துக்கொண்டு போய்விடும். கலங்கிய தண்ணீரில் குளோரின் கொட்டியும் பயனில்லை. கிருமியைத் தொடுமுன் அழுக்கே குளோரினைத் தீர்த்துவிடும்.

மத்திய அரசின் 2017 விதிப்படி, பெருநகரம் அல்லாத ஊர்களில் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மலக் கிருமி 100 மில்லிக்கு 1000-க்குள் இருக்க வேண்டும். வார்டு சபையில் இந்த இரண்டு எண்களைக் கேளுங்கள். சாம்பிள் பகலில் எடுத்ததா, ராத்திரி எடுத்ததா என்றும் கேளுங்கள். கூடவே நிலையத்தின் கரண்ட் பில்லையும் காட்டச் சொல்லுங்கள். புளோயர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதில் ஓரளவு தெரிந்துவிடும்.