டெக்சஸ் சில்லி: கருகிய மிளகாய்க்கு மாற்று மருந்து இல்லை

உப்பு கூடுவது, அடிப்பிடிப்பது எல்லாம் எந்தக் குழம்புக்கும் நடக்கும், விட்டுவிடுகிறேன். டெக்சஸுக்குப் புதிதாக வந்து வீட்டில் சில்லி, அதாவது காய்ந்த மிளகாயை அரைத்து ஊற்றிக் கொதிக்கவிடும் மாட்டிறைச்சிக் குழம்பு, வைக்கிற நம் ஆட்கள், நான் புதிதில் அடித்த அதே கூத்துகளை அடிக்கிறார்கள். அதற்காகத்தான் இது.

மிளகாயைக் கருக்குவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். இங்கே முக்கியமான மிளகாய் ஆன்ச்சோ, அதாவது பொப்ளானோ என்ற மெக்சிகோ மிளகாயைக் காயவைத்தது. நல்ல சரக்கு உலர்திராட்சை மாதிரி வளையும். ஒடிந்தால் பழசு. நம் குண்டு மிளகாய்க்கு முன்னால் இதற்குக் காரமே இல்லை. நிறமும் இனிப்பான மணமும்தான் சரக்கு. சாம்பார் பொடிக்கு வறுத்துப் பழகிய கை, நெடி ஏறட்டும் என்று காத்திருக்கும். அதற்குள் ஆன்ச்சோ கருகிவிடும்.

நண்பர் ஒருவர் வீட்டில் கண்ணெதிரே புகை வந்தது. "அதைக் கொட்டிட்டு வேற எடுங்க" என்றேன். "கொஞ்சம் கருகினாத்தான் வாசனைண்ணே" என்று அப்படியே அரைத்து ஊற்றினார். மூன்று மணி நேரம் கொதித்த பிறகு வாயில் வைத்தால் ஒரே கசப்பு. சர்க்கரை போட்டார், தக்காளி போட்டார், சாக்லேட்கூடப் போட்டார். இனித்துக்கொண்டே கசந்தது! ஒரு கை மிளகாயை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு கிலோ இறைச்சி குப்பைக்குப் போனது. விருந்தாளிகளுக்கு பீட்சா.

காம்பையும் விதையையும் முதலில் எடுத்துவிடுங்கள். மிதமான சூட்டில் பக்கத்துக்கு அரை நிமிடம்கூட வேண்டாம். மணம் எழுந்ததும் எடுத்து, வெந்நீரில் இருபது, முப்பது நிமிடம் ஊறவைத்து அரையுங்கள். ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் அரையுங்கள்.

இறைச்சியை ஒரேயடியாகக் கொட்டுவது

தண்ணீர் விட்டு வெந்துவிடும், சிவக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொழுப்பில்லாத துண்டு நாராகிவிடும். 'சக்' எனப்படும் தோள்பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.

கரம் மசாலா

வேண்டாம். சீரகமும் ஓரிகானோவும் போதும்.

பீன்ஸ்

சில்லியை 1977-இல் தன் மாநில உணவாக அறிவித்த ஊர் இது. இங்கே டெர்லிங்குவா என்ற ஊரில் நடக்கும் சில்லி சமையல் போட்டியில் பீன்ஸ் போட்டால் விதிமீறல். வீட்டில் நடுவர் யாரும் இல்லை. எங்கள் வீட்டில் பாதிப் பேர் பீன்ஸ் இல்லாமல் தொட மாட்டார்கள். தனியாக வேகவைத்துக் கடைசியில் அவர்கள் பங்கில் சேர்த்துவிடுவேன். ஆனால் வேகவைக்காத ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அதிலுள்ள நச்சு அந்த இளஞ்சூட்டில் அழியாது, வாந்திதான். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். டப்பா பீன்ஸ் என்றால் கவலையில்லை.

ஸ்பகெட்டி

ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டிக்காரர்கள் பட்டை மணக்கிற தங்கள் சில்லியை ஸ்பகெட்டி மேல்தான் ஊற்றுவார்கள். சண்டைக்குப் போகாதீர்கள்.

வைத்த அன்றே பரிமாறுவது

முந்தின நாளே வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை வேண்டிய அளவு வழித்துவிட்டுச் சூடாக்கலாம். நீர்த்திருந்தால் ஒரு கரண்டி மாசா மாவை (மெக்சிகோ ரொட்டிக்கான மக்காச்சோள மாவு) கரைத்து ஊற்றுங்கள், கெட்டிப்படும்.