பியோனிப் பூக்களை எண்ணெய் வண்ணத்தில் வரைய: ஃப்ளோரிஸ் வெர்ஸ்டர் காட்டும் வழி

பூ வரைய உட்கார்ந்ததும் இதழைத் தீட்டத்தான் கை பரபரக்கும். அதைச் சற்று அடக்கிவைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நான் இதைக் கற்றுக்கொண்டது ஃப்ளோரிஸ் வெர்ஸ்டரின் (1861–1927) படங்களைப் பார்த்துத்தான். நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஓவியர், ஹேக் கலை அகாடமியில் படித்தவர். அதே நாட்டின் ஒட்டர்லோவில் இருக்கும் க்ரோலர்-மியூலர் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்கள் நிறைய உண்டு.

இம்ப்ரெஷனிசம் (கண நேர ஒளியை விரைவான தீற்றல்களில் பிடிக்கும் ஓவியப் பாணி) என்றதும் பிரெஞ்சு ஓவியர் மோனேவின் வெயில் நினைவுக்கு வரும். டச்சுக்காரர்களிடம் அந்த வெயிலைத் தேடாதீர்கள். டச்சு ஓவியர் பிரெய்ட்னர் வரைந்த ஆம்ஸ்டர்டாம் தெருக்கள் எல்லாம் சாம்பலும் பழுப்புமாக, ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும். வெர்ஸ்டரின் பூக்களும் அப்படி ஓர் இருட்டிலிருந்துதான் எழுந்து வருகின்றன. அதனால் இருட்டிலிருந்தே தொடங்குவோம்.

ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும் ஜன்னலோரம் ஜாடியை வையுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் என்றால் இன்னும் நல்லது, நாள் முழுக்க வெளிச்சம் அதிகம் மாறாது. அடுக்கடுக்கான இதழ்கள் கொண்ட பெரிய பூ பியோனி; நான்கைந்து போதும். ஒன்றாவது நன்றாக மலர்ந்து, தன் கனம் தாங்காமல் தலை சாய்ந்ததாக இருக்கட்டும். பியோனிக்கு அந்தச் சாய்வுதான் அழகு.

கேன்வாஸ் 40 × 50 செ.மீ. போதும். பன்றி முடியில் செய்த அகலமான தட்டை பிரஷ்கள் இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பிரஷ் பக்கத்தில் இருந்தால் கை அதைத் தேடிப் போகும், உள்ளேயே வைத்துவிடுங்கள். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பையும் டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கலந்து, பின்னணி முழுவதும் தேய்த்துவிடுங்கள். பூக்கள் வரும் இடத்தைத் துணியால் லேசாகத் துடைத்தெடுங்கள். இப்போது கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பூக்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வெளிச்சத் திட்டாகத் தெரிகிறதா? சரி, அந்தத் திட்டின் வடிவம்தான் உங்கள் படம். அது சரியில்லை என்றால் இப்போதே மாற்றுங்கள், பிறகு எந்த இதழாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அப்புறம் நிறம். இளஞ்சிவப்புப் பூவுக்கு மூன்று கலவைகளை முதலிலேயே பேலட்டில் தயார் செய்துகொள்வேன். நிழலுக்கு, சிவப்போடு கொஞ்சம் அம்பர். நடுத்தரத்துக்கு, சிவப்பும் வெள்ளையும், ஒரு துளி மஞ்சள் ஓகரும் (மண் மஞ்சள்). வெளிச்சம் படும் இடத்துக்கு, கிட்டத்தட்ட வெள்ளையே. சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் வேண்டாம், வெள்ளையோடு சேர்ந்தால் காலப்போக்கில் வெளுத்துவிடும்; க்வினாக்ரிடோன் ரோஸ் என்ற சிவப்பை வாங்குங்கள். நிழலை முதலில் போட்டு, ஈரம் காயும் முன்பே நடுநிறத்தை அதன்மேல் இழுங்கள். பிரஷ் போகும் திசைதான் இதழ் மடங்கும் திசை. ஒரே இழுப்பு, திரும்பப் போய்த் தடவக் கூடாது. தடவினால் இரண்டு நிறமும் குழம்பிச் சேறாகிவிடும். பூவின் நிழல் பக்க ஓரத்தைப் பின்னணியோடு கலந்து கரைத்துவிடுங்கள். வெர்ஸ்டரிடம் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது இந்த ஓரங்களைத்தான்: பூ எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. கடைசியில், முன்னால் இருக்கும் ஒரே ஒரு பூவுக்கு மட்டும் கெட்டி வெள்ளையை ஓவியக் கத்தியால் அப்பலாம். எல்லாப் பூவுக்கும் வைத்தால் எதற்கும் மதிப்பிருக்காது.

இலைகளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். பின்னணி நிறத்தோடு ஓகர் சேர்த்தாலே போதுமான பச்சை வந்துவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் டச்சுப் பூ ஓவியர் யான் வான் ஹைசம், மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஒரு படம் முடியாமல் நிற்கிறது என்று கடிதம் எழுதியவர். ஒவ்வொரு பூவாகக் காத்திருந்து வரைந்த பொறுமை அது. நம் முறைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. சூடான அறையில் பியோனி மளமளவென்று விரிந்து உருவமே மாறிவிடும். அறையைக் குளிர்ச்சியாக வைத்து, பூக்களை மட்டுமாவது ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். ஜாடியும் மேசையும் மறுநாள் வரை காத்திருக்கும்.

மெல்லிய பின்னணி சீக்கிரம் காய்ந்துவிடும், கெட்டியாக அப்பிய இடங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதமாவது போகாமல் வார்னிஷைத் தொட வேண்டாம். அதற்குப் பிறகும் அந்தக் கெட்டி வெள்ளையை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் இன்னும் சில மாதம் விட்டுவிடுங்கள்.