டெல்டா களிமண்ணில் ஆவாரை வளர்ப்பது எப்படி?

ஆவாரைக்கு வறட்சி ஒரு பொருட்டே இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் அதைக் கொல்வது தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேரடியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். வல்லம் செம்மண்ணிலும் வேதாரண்யம் மணலிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. மற்றவர்கள் மேடு கட்டித்தான் ஆக வேண்டும்.

முதல் வேலை, சரியான செடியிலிருந்து விதை எடுப்பது. மஞ்சளாகப் பூத்தாலே ஆவாரை என்று சொல்லிவிடுகிறார்கள். தகரையும் பொன்னாவாரையும்கூட மஞ்சள்தானே! இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். காதுமடல் போல அகலமான இலைச்செதில் உதிராமல் ஒட்டியிருந்தால் அது ஆவாரை. காய் தட்டையாக, மெல்லிசாக, விதை இருக்கும் இடமெல்லாம் புடைத்துத் தெரியும். செடியிலேயே பழுப்பாகக் காய்ந்ததைப் பறியுங்கள்.

விதைத்தோல் கெட்டி. அப்படியே போட்டால் பல விதைகள் முளைக்காமல் மண்ணிலேயே கிடக்கும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறியதும் விதைமேல் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதைக்கலாம். உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள்.

தை, மாசியில் பையில் விதைப்பது நல்லது. அடைமழைக்குள் செடி தேறிவிடும். பாதி மணல், பாதி தோட்டத்து மண், கொஞ்சம் மட்கிய எரு. விதையை அரை அங்குலத்துக்கு மேல் புதைக்காதீர்கள். ஆணிவேர் சீக்கிரம் இறங்கும் என்பதால் செடி ஒரு சாண் வந்ததும் நட்டுவிடுங்கள்.

நடும் இடம் முழு வெயிலாக இருக்கட்டும். மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு மணலும் செங்கல் உடைசலும் கலந்து மேடு போட்டு, உச்சியில் நடுங்கள். குழி தோண்டிக் களிமண்ணுக்குள் வைத்தால் குழியே மழைநீர் தொட்டியாகிவிடும். முதல் கோடையில் மட்டும் வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். பிறகு மறந்துவிடலாம். யூரியா வேண்டவே வேண்டாம்.

இலையில் பச்சைப் புழு வரும். பட்டாம்பூச்சியின் புழுதான், மருந்து அடிக்காதீர்கள். செடி மறுபடி துளிர்த்துக்கொள்ளும். பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்தால் புதர் அடர்த்தியாகும். வெட்டிய தழையை வீசாதீர்கள், நெல் வயலில் போட்டு மிதிக்க அருமையான தழையுரம்.