பிரஷ் கட்டருக்குப் பெட்ரோல் கலக்க மூடிக் கணக்கு வேண்டாம்

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் வரப்புப் புல் வெட்டும் பிரஷ் கட்டரும், மாமரத்துக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். இந்த எஞ்சினில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு போகும் ஆயில்தான் பிஸ்டன், பேரிங் எல்லாவற்றுக்கும் வழவழப்பு. எஞ்சினில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். அதன் டேங்குக்கு வெறும் பெட்ரோல் போதும், ஆயில் கலக்கக் கூடாது.

அளவு டேங்க் மூடியிலோ கூட வந்த புத்தகத்திலோ இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25:1 என்றால் 40 மி.லி., 40:1 என்றால் 25 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி. ஆயில். "ரெண்டு மூடி ஊத்துனா போதும்ணே" என்பதை நம்பாதீர்கள். மூடி பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். மருந்துக் கடையில் 20 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு அதில் உறிஞ்சி அளந்து ஊற்றுங்கள்.

ஆயில் 2டி, அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில்தான். டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி (JASO FC, FD) என்ற தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 சரியாக எரியாமல் கரியாகப் படியும். ராமநாதபுரம் பக்கம் படகு எஞ்சினுக்கு வாங்கும் டிசி-டபிள்யூ3 ஆயிலும் ஆகாது. அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கானது, காற்றில் குளிரும் எஞ்சினின் சூட்டைத் தாங்காது.

25:1-க்கு 2 லிட்டர் கலக்க, காய்ந்த கேனில் முதலில் 1 லிட்டர் பெட்ரோல், பிறகு 80 மி.லி. ஆயில். மூடிக் குலுக்கி, மீதி 1 லிட்டரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். டேங்கில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் கேனைக் குலுக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் மட்டும் வைக்காதீர்கள். சிவப்புச் சாயம் போட்ட ஆயில் கலந்தால் பார்க்க நன்னாரி சர்பத் மாதிரியே இருக்கும். வெயிலில் வேலை பார்ப்பவர் வாயில் வைத்துவிடுவார்.

கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும், ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் ஃபில்டர் கிடப்பதோ அடியில். ஆயில் இல்லாததை எஞ்சின் குடித்தால் பிஸ்டனில் கோடு விழும், பிறகு சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் இறுகி நின்றுவிடும். அளந்துதான் ஊற்றினேன் என்று சொல்லியும் சீஸ் ஆன எஞ்சினுக்கு இது ஒரு காரணம். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். அடியில் கலங்கலோ கோடோ தெரிந்தால் அந்தப் பெட்ரோல் வேண்டாம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பாதி விஷயம் தெரியும். முனை காப்பிப்பொடி நிறம் என்றால் சரி. கறுத்து எண்ணெயாக நனைந்திருந்தால் ஆயில் கூடுதல், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் காற்று கூடுதல், எஞ்சின் சுடுகிறது. ஓட்டுவதை நிறுத்திவிட்டு கார்புரேட்டரையும் பெட்ரோல் குழாய் வெடிப்பையும் பாருங்கள். பயத்தில் ஆயிலை அள்ளி ஊற்றுவதும் தப்பு: புகையும், சைலன்சர் வாய் கரியால் அடையும், இழுவை போகும்.

சித்திரை வெயிலில் நின்ற கேனை மெதுவாகத் திறந்து ஆவியை விடுங்கள். சூடான எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகே ஊற்றுங்கள். பல வாரம் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்து, அடுத்த முறை கயிறு இழுத்துத் தோள்தான் வலிக்கும்.